மிடோமாவைத் தெரியும்... அராட்டாவைத் தெரியுமா?

வீ.கே.புதூர் பஸ் ஸ்டாப்பில் சுரண்டை பஸ்ஸுக்கு நிற்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். கை தானாகப் போனை எடுக்கும், கட்டைவிரல் தானாக ரீல்ஸைத் தள்ளும். குற்றாலம் மெயினருவியில் தண்ணி கொட்டுது, செங்கோட்டைப் பக்கம் ஒருத்தர் பார்டர் பரோட்டாவைப் பிச்சுப் போடுறார், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஆடுறார். அடுத்து, நீலமும் வெள்ளையும் கோடு போட்ட ஜெர்சியில் ஒல்லியா ஒரு ஜப்பான்காரர். வானத்திலிருந்து விழுற பந்தை ஓடிக்கிட்டே காலால் தொடுறார். பந்து அப்படியே அடங்கி நிக்குது. ஒரு டிஃபெண்டரைத் தாண்டுறார், கோல்!

அவர் பேர் கவோரு மிடோமா. இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்கு ஆடுறவர். நீங்க பார்த்தது 2025 பிப்ரவரி 14-ல் செல்சீ அணிக்கு எதிராக அவர் போட்ட கோலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரைட்டன் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த மேட்ச்சைப் பார்த்திருக்கவே மாட்டீங்க. ஆனா மிடோமாவைத் தெரியும். எப்படி?

'அல்காரிதம் பாஸ்' என்று ஒரே வார்த்தையில் முடிச்சுடலாம்தான். ஆனா அது பாதி பதில்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஒரு வீடியோ எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறதில் மூணு விஷயங்கள் முக்கியம்னு 2025 தொடக்கத்தில் சொன்னார். எவ்வளவு நேரம் பார்க்கிறாங்க, பார்த்தவங்களில் எத்தனை பேர் லைக் போடுறாங்க, எத்தனை பேர் அதை இன்னொருத்தருக்கு அனுப்புறாங்க. ஃபுட்பால் டிரிபிளிங் இந்த மூணுக்கும் செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். ஏழெட்டு செகண்டில் முடிஞ்சுடும், முடிஞ்சதும் 'இன்னொரு தடவை பார்ப்போம்'னு தோணும். மொழி வேண்டாம், ரூல்ஸ் தெரிய வேண்டாம். அஸ்வினின் கேரம் பாலை ரசிக்கக் கொஞ்சமாவது கிரிக்கெட் தெரியணும். ஒருத்தர் இன்னொருத்தரை ஏமாத்திட்டு ஓடுறதை ரசிக்க எதுவுமே தெரிய வேண்டாம். பார்த்ததும், 'ஏலே, இதப் பாரு' என்று ஃப்ரெண்டுக்கு அனுப்பத் தோணும் இல்லையா, அந்த அனுப்புதல்தான் எல்லாம்.

மீதிப் பாதி பதில், கேமரா. அதுக்கு 2022 டிசம்பருக்குப் போகணும்.

ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்

கத்தார் உலகக் கோப்பை. டிசம்பர் 1, ஜப்பான் - ஸ்பெயின். நமக்கு அது தேதி மாறி நள்ளிரவு 12:30. அந்த நேரத்துக்குத் தென்காசி மாவட்டத்தில் யார் உட்கார்ந்து பார்த்திருப்பாங்கன்னு கேட்காதீங்க. அந்த உலகக் கோப்பையை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது, தமிழ் வர்ணனையோடு. டி.வி. ரிமோட்டுக்கு வீட்டில் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லாமல், போர்வைக்குள்ளேயே போனில் உலகக் கோப்பை பார்த்த முதல் தலைமுறை நீங்கதான். பிரேசில், அர்ஜென்டினா தவிர வேறு அணிகளும் ஃபுட்பால் ஆடுதுன்னு நம்மில் பல பேருக்குத் தெரிஞ்சது அப்போதான். (கேரளக்காரங்க மன்னிக்கணும், உங்களுக்கு முன்னாடியே தெரியும்.)

ஜப்பான் ஏற்கெனவே ஜெர்மனியைத் தோற்கடிச்சிருந்தது, அப்புறம் கோஸ்டாரிகாவிடம் தோத்திருந்தது. ஸ்பெயினுக்கு எதிராக ஸ்கோர் 1-1. 51-வது நிமிஷம், பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டப் போகுது. மிடோமா காலை நீட்டி அதை உள்ளே இழுத்துத் தட்டிவிடுறார், ஆவோ தனாகா கோல் அடிக்கிறார். கொடி தூக்கப்படுது. டி.வி.யில் பார்த்தவங்க எல்லோரும், பந்து வெளியே போயிடுச்சுன்னு சத்தியமே பண்ணுவாங்க. வீடியோ நடுவர்கள் பார்த்துட்டு 'கோல்' என்றாங்க. உலகமே கத்துச்சு.

இந்த இடம் நிறைய பேருக்கு இன்னும் குழப்பம்தான். ஃபுட்பால் விதிப்படி பந்து முழுசும் கோட்டைத் தாண்டினால்தான் அவுட். பந்து தரையைத் தொடுற இடம் கோட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் போதாது. வாசலில் கோலப்பொடியால் ஒரு நேர்கோடு போட்டு, அதை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு குடத்தை வைங்க. குடத்தின் அடி கோட்டைத் தொடாது. ஆனா நேர் மேலே இருந்து பார்த்தால் குடத்தின் வயிறு கோட்டுக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கும். பந்தும் அப்படித்தான். அன்னைக்கு அந்த வயிறு கோட்டுக்கு மேலே நீட்டிக்கிட்டு இருந்தது 1.88 மில்லிமீட்டர் என்று செய்திகளில் வந்தது. ஒரு நாணயத்தின் கனத்தை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பக்கவாட்டு கேமராவில் எல்லோருக்கும் 'அவுட்'. அதை மாத்தினது ஒரே ஒரு போட்டோ. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் போட்டோகிராஃபர் பெட்ர் டேவிட் ஜோசெக், ஸ்டேடியத்தின் கூரைப் பகுதியில் இருந்து கீழ்நோக்கி எடுத்தது. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, கோட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பந்து, நீட்டின ஒரு கால். அந்தப் போட்டோ உலகம் சுத்துச்சு. ஜப்பானில் 'மிடோமாவின் ஒரு மில்லிமீட்டர்' என்பது ஒரு சொலவடை மாதிரியே ஆயிடுச்சு. அந்தக் கோல் செல்லாமல் போயிருந்தால் மேட்ச் டிரா. குரூப்பில் இரண்டாவது இடம் ஜெர்மனிக்குப் போயிருக்கும், ஜப்பான் வீட்டுக்குப் போயிருக்கும். ஜெர்மனியை ஊருக்கு அனுப்பினது அந்த 1.88.

இப்ப கவனிங்க. கோல் போட்டவர் தனாகா. ஆனா நமக்கு ஞாபகம் இருக்கிறது மிடோமா. ஏன்னா போட்டோவில் இருக்கிற கால் மிடோமாவுடையது. ரெண்டு பேரும் சின்ன வயசில் கவாசாகி நகரத்தில் ஒரே தொடக்கப்பள்ளியில் படிச்சவங்க, ஒரே கிளப்பில் விளையாடினவங்க. ஒருத்தர் காலை இழுத்தார், ஒருத்தர் கோல் போட்டார், கேமரா ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தது. தனாகாவும் அப்புறம் இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸ் அணியில் ஆடினார். அவரை வெச்சு எடிட் எத்தனை பார்த்திருக்கீங்க?

மிடோமா சும்மா போட்டோ புண்ணியத்தில் வந்தவர்னு சொல்ல வரலை. 18 வயசில் கவாசாகி ஃப்ரொன்டாலே கிளப் அவரை சீனியர் டீமுக்குக் கூப்பிட்டுச்சு. 'இன்னும் தயாராகலை' என்று சொல்லிட்டு சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். அங்கே அவர் எழுதின ஆய்வுக் கட்டுரையின் விஷயம் என்ன தெரியுமா? டிரிபிளிங்! கூட விளையாடுறவங்க தலையில் சின்ன கேமராவைக் கட்டிவிட்டு, எதிராளி வரும்போது அவங்க கண்ணு எங்கே போகுதுன்னு பார்த்தார். நல்லா ஆடுறவங்க பந்தைக் குனிஞ்சு பார்க்கிறதில்லை, எதிரே வர்றவரைப் பார்க்கிறாங்க. எதிராளியின் உடம்பு பாரம் எந்தக் காலில் இருக்குன்னு கவனிச்சு, அதுக்கு எதிர்ப்பக்கம் போறாங்க. அந்தப் பாடத்தைத்தான் நீங்க எட்டு செகண்ட் ரீலாகப் பார்க்கிறீங்க. அந்த எட்டு செகண்டுக்குப் பின்னாடி ஒரு டிகிரி இருக்கு!

அனிமே பங்கையும் விட்டுட முடியாது. 'ப்ளூ லாக்' அனிமே தொடங்கியது 2022 அக்டோபரில். அடுத்த மாசம் உலகக் கோப்பை. ஜப்பான் அணியின் ஜெர்சி விளம்பரத்துக்கே அடிடாஸ் 'ப்ளூ லாக்' படங்களைப் பயன்படுத்தியது. அனிமேயில் 'உலகத்தை ஜெயிக்கப் போற ஸ்ட்ரைக்கர்' கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிஜத்தில் ஜப்பான், ஜெர்மனியையும் ஸ்பெயினையும் சாய்க்குது. எடிட் பண்றவங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்? பாதி அனிமே, பாதி நிஜ மேட்ச், பின்னாடி பாஸ் அதிர்ற ஒரு மியூசிக். 1981-ல் தொடங்கின 'கேப்டன் சுபாசா' என்ற காமிக்ஸ் ஜப்பான் பசங்களை மைதானத்துக்கு இழுத்துச்சு, அங்கே தொழில்முறை லீக் வந்ததே 1993-ல்தான். முதலில் கதை, அப்புறம் லீக். நம்ம ஃபீடில் இருக்கிறதும் அதே வரிசைதான்.

நம்ம பக்கம் வந்த ஜப்பான்காரங்க

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச கதையா இருக்கலாம். தெரியாத கதை இனிமேதான்.

நம்ம ஊர் பேரிலேயே கேரளம் இருக்கு. வீரகேரளம்புதூர்! மலைக்கு அந்தப் பக்கம் ஃபுட்பால் என்றால் உயிர். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கத்துப் புல்லாவூரில் ஆத்துக்கு நடுவில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்-அவுட் வெச்சாங்க, அந்தப் படத்தை ஃபிஃபாவே பகிர்ந்தது. தென்காசியில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் புனலூர், கொல்லம் வழியா காலையில் எறணாகுளம். கேரளா பிளாஸ்டர்ஸின் சொந்த மைதானம் இருக்கிற கொச்சி அதுதான்.

அந்த பிளாஸ்டர்ஸில் 2023-24 சீசனில் டைசுகே சகாய் என்று ஒரு ஜப்பான் வீரர் ஆடினார். காயம்பட்ட ஓர் ஆஸ்திரேலிய வீரருக்குப் பதிலாக வந்தவர். 2023 நவம்பர் 4-ல் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக அவர் முதல் கோல் போட, பிளாஸ்டர்ஸ் 2-1 என்று ஜெயிச்சது. ஆனா அந்த மேட்ச்சில் கேமரா கொண்டாடினது கோல்கீப்பர் சச்சின் சுரேஷை. பெனால்டியைத் தடுத்தார், 'திரும்ப அடிங்க' என்றார் நடுவர், அதையும் தடுத்தார். நியாயமான கொண்டாட்டம்தான். சகாய் ஒரு சீசனோடு கிளம்பிட்டார்.

அவருக்கு முன்னாடி கட்சுமி யூசா. ஃபுகுஷிமாக்காரர். மோகன் பகான் அணி 13 வருஷம் கழிச்சு 2014-15-ல் தேசிய லீக் பட்டம் ஜெயிச்சப்போ நடுக்களத்தில் ஓடிக்கிட்டே இருந்தவர். அப்புறம் அந்த அணிக்கே கேப்டன். அதுக்கப்புறம் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். (சி.எஸ்.கே. வீரர் மும்பைக்குப் போனால் நீங்க என்ன சொல்வீங்களோ, கொல்கத்தாவில் அதுக்கு நூறு மடங்கு.) 2019-ல் நம்ம தமிழ்நாட்டுக்கே வந்தார், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமா வெச்சு ஆடின சென்னை சிட்டி அணிக்கு. அப்போ அந்த அணி ஐ-லீக் நடப்புச் சாம்பியன். இன்னைக்கு அந்த லீக்கில் அந்த அணியே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஜப்பான்காரர் சாம்பியன் டீமுக்கு ஆடினார் என்று எத்தனை தமிழ் ரீல் சொல்லியிருக்கு?

இவங்க ரெண்டு பேரும் வந்தாங்க, ஆடினாங்க, போனாங்க. மூணாவது ஆள் போகவே இல்லை.

அராட்டா இஸுமி. 1982-ல் ஜப்பானின் யாமாகுச்சி மாகாணத்தில் பிறந்தவர். அம்மா ஜப்பான், அப்பா குஜராத்தி. 2006-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட இந்தியா வந்தார். அப்புறம் மஹிந்திரா யுனைடெட், அப்புறம் புனே எஃப்.சி. வருஷக்கணக்கா இங்கேயே ஆடினவருக்கு, இந்திய அணிக்கு ஆடணும் என்று ஆசை. அதுக்கு ஒரு விலை இருந்தது.

இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் நம்ம தேசிய அணியில் ஆட முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தர்றதில்லை, ஜப்பானும் பெரியவங்களுக்கு அதை ஏத்துக்கிறதில்லை. ஆக, ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும். உலகத்தின் வலிமையான பாஸ்போர்ட்டுகள் என்று எப்போ பட்டியல் போட்டாலும் ஜப்பான் முதல் சில இடங்களில் இருக்கும், பெரும்பாலான நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். நம்ம பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டு விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு நிக்கிறவங்களைக் கேளுங்க, வித்தியாசம் புரியும். இந்திய அணி அப்போ ஃபிஃபா தரவரிசையில் 150-ஐயும் தாண்டிக் கிடந்தது. உலகக் கோப்பை கனவெல்லாம் பேச்சுக்குக்கூட இல்லாத அணி. அந்த அணியில் ஆடுறதுக்காக, 30 வயசில், ஜப்பான் பாஸ்போர்ட்டை அவர் விட்டுக்கொடுத்தார். இந்தியக் குடிமகனா அவர் பேர் நீலகண்ட் கம்போல்ஜா.

2013 பிப்ரவரி 6. பாலஸ்தீனத்துக்கு எதிரான நட்புறவு ஆட்டத்தில் இந்திய ஜெர்சியில் முதல்முறையா இறங்கினார். எங்கே தெரியுமா? கொச்சியில், நான் மேலே சொன்ன அதே ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். இந்தியா 2-4 என்று தோத்துச்சு. குடியுரிமை வாங்கி இந்திய அணிக்கு ஆடின இந்த மாதிரி வீரர் அதுக்கு முன்னாடி யாரும் இல்லை. விரல்விட்டு எண்ணிடலாம், அத்தனை சர்வதேச ஆட்டங்களோடு அவருடைய இந்திய அத்தியாயம் முடிஞ்சது. கடைசிக் காலத்தில் 2017-18 சீசனில் பிளாஸ்டர்ஸுக்கும் ஆடினார். அப்புறம் பயிற்சியாளரா ஆகி, ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் அகாடமியில் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2025 நவம்பரில் பெங்களூரு எஃப்.சி-யின் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார் என்று ஃபீட் முழுக்க ஓடுச்சே, அந்தச் செய்திகளில் எல்லாம் 'இதற்கு முன்...' என்று கடைசிப் பத்தியில் ஒரு பேர் வந்திருக்கும். அது அராட்டா.

கடைசிப் பத்தி! பாஸ்போர்ட்டையே கொடுத்தவருக்குக் கிடைச்ச இடம் அதுதான்.

ஏன்? 2013-ல் ரீல்ஸ் கிடையாது, ஜியோ கிடையாது. சரி. ஆனா மெஸ்ஸியின் 2007 கோலை இன்னைக்கும் பார்க்கிறோமே? பழசு என்பது பிரச்னை இல்லை. பத்துப் பதினைந்து கோணத்தில், நல்ல தரத்தில் எடுத்து வெச்சிருந்தால்தான் பின்னாடி வர்ற ஒருத்தர் அதை எடிட் பண்ண முடியும். பிரீமியர் லீக்கில் மிடோமா ஒரு காலை அசைச்சால் அதை ஸ்லோமோஷனில் பிடிக்க கேமரா இருக்கு. நம்ம ஐ-லீக் மேட்ச்சுகளில் பலது ஒண்ணு ரெண்டு கோணத்தில், மங்கலா, எங்கேயோ கிடக்கு. எடிட் பண்ற பையன் என்ன செய்வான்? மூலப்பொருளே இல்லாமல் எதை வெட்டி எதை ஒட்டுவான்? திறமை, தியாகம் எல்லாம் அப்புறம். ரீல்ஸில் முதல் தகுதி, படம் பிடிக்கப்பட்டிருக்கணும்.

எனக்கு இதில் உறுத்துறது அராட்டாவின் லைக் கணக்கு இல்லை. அவர் அதுக்காக வரலை. உறுத்துறது வேற. தென்காசிப் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டில் சாயங்காலம் வெறுங்காலோடு ஓடுற பையனும், ஹாஸ்டல் டீமில் ஆடுற பொண்ணும் இதே கணக்கில்தான் மாட்டியிருக்காங்க. இன்னைக்கு அகாடமிகளும் கோச்சுகளும் முதலில் கேட்கிறது, 'வீடியோ இருக்கா?'

அதனால் ஒரு வேலை சொல்றேன், செலவு கிடையாது. உங்க ஊரில் அடுத்த டோர்னமென்ட் நடக்கும்போது உங்க போனைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்க. பக்கத்து மொட்டைமாடி, ஸ்கூல் முதல் மாடி, எதுவானாலும் சரி. நடுக்கோட்டுக்கு நேரா நில்லுங்க. போனைப் படுக்கவெச்சுப் பிடிங்க, ஜூம் பண்ணாதீங்க, கோல் மட்டும் எடுக்காமல் முழு பாதியையும் எடுங்க. பந்து காலில் இல்லாதபோது ஒரு பிளேயர் எங்கே ஓடுறார், எங்கே நிற்கிறார் என்பதைத்தான் கோச் பார்ப்பார். மிடோமாவின் ஆய்வும் அதைத்தானே பார்த்துச்சு, பந்தை விட்டுட்டு ஆளை. அதில் எட்டு செகண்ட் கிடைச்சால் தனியா வெட்டி ரீல் போட்டுக்கோங்க. மீதி வீடியோவை அழிச்சுடாதீங்க, ஆடினவங்களுக்கு அனுப்பிடுங்க.

இப்போதைக்கு யூடியூபில் அராட்டா இஸுமி என்று ஒருமுறை தேடிப் பாருங்க. கிடைக்கிறது கொஞ்சம்தான் இருக்கும், அதையும் பார்த்துட்டு யாருக்காவது அனுப்புங்க. மொசேரி சொன்ன மூணாவது கணக்கு அதுதான்.

சரி, சுரண்டை பஸ் வந்துடுச்சு. ஏறுங்க.